அறையில் இல்லாதவர்

“அந்த ரூம்ல நான் இல்லவே இல்லை. நாற்காலி இருக்கும், சட்டை இருக்கும், ஆள் இருக்கமாட்டான்” என்று அவர் காப்பி இயந்திரத்தின் முன் நின்று பிரகடனம் செய்தபோது, சக மொழிபெயர்ப்பாளர்கள் கைதட்டாததுதான் குறை. “நான் ஒரு குழாய். இந்தப் பக்கம் ஊத்தினா அந்தப் பக்கம் வரும். குழாய்க்கு ஏது மதம், குழாய்க்கு ஏது கண்ணீர்? இத்தனை வருஷ சர்வீஸ்ல சொந்தமா ஒரு சொட்டு விட்டிருப்பேனா, கேட்டுப் பாருங்க.” அன்றிலிருந்து அவர் குழாய் அண்ணன் ஆனார். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவரோ அரசாங்கம் கொடுத்த பட்டம் மாதிரி அதை ஏற்றுக்கொண்டார்.

கும்பிடக் கூடாத விதத்தில் கும்பிட்டதற்காகச் சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள் அடைக்கலம் கேட்டு வந்து உட்காரும் அலுவலகம் அது. மேசைக்கு ஒரு பக்கம் கேள்வி கேட்கும் அதிகாரி. எதிர்ப்பக்கம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர். பக்கவாட்டில், இருவர் பேச்சையும் மாற்றி மாற்றிச் சொல்ல, அண்ணன். அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. “அவளை அடித்தார்களாம்” என்று சொல்லக் கூடாது. “என்னை அடித்தார்கள்” என்றே சொல்லவேண்டும். ஆகையால் ஒரு சாதாரண வேலைநாளில் அண்ணன் காலையில் நிறைமாதக் கர்ப்பிணியாக இருப்பார். மதியச் சாப்பாட்டுக்குள் ஊரைவிட்டு விரட்டப்பட்ட பூசாரியாகிவிடுவார். சாயங்காலம் அதிகாரியின் குரலில் “நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை” என்று அறிவித்துவிட்டு, அடுத்த மூச்சில் “சத்தியமாக நடந்தது ஐயா” என்று கெஞ்சுவார். எல்லாம் ஒரே குரலில், பேருந்து நிலையத்தில் வண்டி புறப்படும் நேரம் சொல்கிற மாதிரி.

இல்லாமல் இருப்பதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் சிரத்தை கொஞ்சநஞ்சமல்ல. அந்த அறையின் சுவர் சாம்பல் நிறம். அண்ணனின் சட்டைகள் அத்தனையும் அதே சாம்பல். துணிக்கடையில் சுவரின் பெயிண்ட் சுரண்டலைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கியவை. மீசையை எடுத்துவிட்டார். “மீசைங்கறது ஒரு அபிப்பிராயம். நமக்கு எதுக்கு?” என்பார். தலையாட்டமாட்டார். தும்மல் வந்தால் விழுங்கிவிடுவார். ஆனால் எதிரில் இருப்பவர் இருமினால் அதிகாரியின் பக்கம் திரும்பித் தானும் இருமுவார். எதையும் விட்டுவிடக் கூடாதல்லவா? நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்காருவார். பேசுகிறவரின் முகத்தைப் பார்த்தால் குழாயில் அடைப்பு விழுமாம்.

அலுவலகத்தில் கழற்றி வைத்த ஆளை வீட்டுக்குப் போகும்போது எடுத்து மாட்டிக்கொள்ள அவர் பல நாள் மறந்துவிடுவது வீட்டுக்காரம்மாவின் தீராத குறை. “ஏங்க, சாப்பாட்டுல உப்பு சரியா இருக்கான்னு கேட்டா, என்னையே பார்த்து ‘சாப்பாட்டில் உப்பு சரியா இருக்கிறதா’ன்னு கேக்கறாரு. நான் யாருகிட்ட போய் முட்டிக்கிறது?” வீட்டுக்காரம்மாவுக்கும் அவர் தங்கைக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோன காலத்தில், நடுவில் நின்று தூது சொன்னவரும் அண்ணன்தான். “நான் உன் புடவையைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை” என்று மச்சினியிடம் அவர் முகம் மாறாமல் சொன்னதில் மச்சினி சிரித்துத் தொலைத்து, சண்டை அத்துடன் தீர்ந்தது.

இன்னொரு முறை, மொழி தெரியாத பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போனார். எங்கே வலி என்று நர்சு கேட்டதும், “எனக்கு ஒரு வாரமாக இடுப்பைத் திருப்ப முடியவில்லை” என்றார் அண்ணன். நர்சு அவரையே உள்ளே அழைத்துப்போய்ப் படுக்கவைத்து ஊசி போட்டு அனுப்பிவிட்டார். தடுத்திருக்கலாம். தடுத்தால் அது சொந்தப் பேச்சு ஆகிவிடும். பெரியவர் வலியோடும் அண்ணன் வலி வாங்கிக்கொண்டும் ஒரே ஆட்டோவில் வீடு திரும்பினார்கள்.

இப்பேர்ப்பட்டவரின் எதிரில்தான் ஒரு காலைநேரத்தில் அந்தத் தையல்காரப் பெண் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய மதம் சின்னது. அவள் நாட்டு வரைபடத்தில் அவர்கள் இருந்த தெருக்களை ஒரு கட்டைவிரலால் மறைத்துவிடலாம்; அரசாங்கம் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. முதலில் வழிபாட்டு வீட்டை இடித்தார்கள். பிறகு வீடு வீடாகப் புகுந்து விளக்கு, புத்தகம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஆட்களையே அள்ளத் தொடங்கினார்கள். அவளுடைய கணவனை ஏற்றிக்கொண்டு போன வண்டி மட்டும் திரும்பி வந்தது. இதையெல்லாம் அண்ணன் வழக்கம்போலத் தன் கணவனைப் பறிகொடுத்த குரலில், அதாவது எந்தக் குரலும் இல்லாமல், சுவரிடம் சொல்லி முடித்தார்.

அதிகாரியம்மா கெட்டவர் அல்ல. எவனோ மனப்பாடம் பண்ணி வந்து ஒப்பித்து ஏமாற்றிவிட்டுப் போனதால் சமீபகாலமாக எச்சரிக்கையாக இருந்தார். உண்மையான விசுவாசிதானா என்று பார்க்க அவர் கையில் கேள்விகள் இருந்தன. அந்தக் கேள்விகளை அவர் தன் சொந்தக் கணவரிடம் அவருடைய மதம் பற்றிக் கேட்டிருந்தால், மனுஷனை அன்றைக்கே நாடு கடத்தியிருக்கவேண்டும். அதில் கடைசிக் கேள்வி: உங்கள் பிரார்த்தனையைச் சொல்லிக் காட்டுங்கள்.

பெண் அதிகாரியம்மாவின் கைகளைப் பார்த்தாள்.

தெரியாது என்றால் தெரியாது என்று எழுதிக்கொள்கிறேன் என்றார் அதிகாரியம்மா. எழுதினால் விமானம், விமானம் இறங்கினால் அதே தெரு. அண்ணன் அதைச் சுவரிடம் சொன்னார்.

“தெரியாம இல்லம்மா” என்றாள் அவள். “காத்துல சொல்ல முடியாது. வழிபாட்டு வீட்டை இடிச்சதுக்கு அப்புறம் எங்களுக்கு அடுத்தவங்க கைதான் வழிபாட்டு வீடு. ஒருத்தர் ரெண்டு கையையும் சேர்த்து ஏந்தணும். அதுல முகத்தை வச்சுத்தான் சொல்லணும். யார் கையா இருந்தாலும் சரி, மதமெல்லாம் பாக்கமாட்டோம். விளக்கு வச்சா புடுங்கிட்டுப் போறாங்க, புத்தகம் வச்சா கொளுத்தறாங்க. கையைச் சோதனை போட்டா ரேகைதான இருக்கும்?”

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். அண்ணன் சிரிப்பையும் விடாமல் மொழிபெயர்த்தார். கொஞ்சம் கோணலாக வந்தது.

பிறகு அவள் கேட்டதை அண்ணன் அதிகாரியம்மாவிடம், “உங்கள் கையைக் கொஞ்சம் நீட்டுவீர்களா?” என்றார். அதிகாரியம்மா தம் கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். விசாரிக்கிறவர் வழிபாட்டில் பங்கெடுத்தால் விசாரணையே செல்லாமல் போய்விடும், இஷ்டமில்லாமல் இல்லை என்று விளக்கினார். அண்ணன் பெண்ணிடம், “என்னால் முடியாது, என் வேலை அப்படி” என்றார். உடனே, “ஒரே நிமிஷம்தான் அம்மா, தயவு செய்யுங்கள்” என்றார். உடனே, “முடியாது என்றால் முடியாது, மன்னிக்கவும்” என்றார். கொஞ்ச நேரத்துக்கு இப்படி அவரே கேட்டு, அவரே மறுத்துக்கொண்டிருந்தார். சாம்பல் சட்டையின் முதுகு வேர்த்து, சுவரின் நிறத்திலிருந்து வெகுவாக விலகிவிட்டது.

தன் கையிலேயே முகத்தை வைத்துச் சொல்லக் கூடாதா என்று அதிகாரியம்மா கேட்டுப் பார்த்தார்.

“என் கை எனக்கு எப்படிம்மா அடைக்கலம் ஆகும்?” என்றாள் பெண்.

அண்ணன் அதைச் சொல்ல வாயெடுத்தார். பாதியில் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார், அந்த அறையில் யார் சார்பிலும் இல்லாமல் செருமிய முதல் செருமல் அது. மறுபடி ஆரம்பித்து ஒருவழியாகச் சொல்லி முடித்தார். அதிகாரியம்மா பெருமூச்சு விட்டு, பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றினார்.

பேனா தாளைத் தொடுமுன் கிறீச்சென்று ஒரு சத்தம். சுவரைப் பார்த்திருந்த நாற்காலியை அண்ணன் மேசைப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். குறிப்பெடுக்கும் பென்சிலை ஓரமாக வைத்தார். சட்டையின் கைகளை மடித்துவிட்டார். உள்ளங்கைகளைப் பேண்ட்டில் துடைத்து, ஒருமுறை பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி துடைத்தார். பிறகு இரண்டையும் சேர்த்து, தண்ணீர் வாங்குகிறவர் மாதிரி, அவள் எதிரில் மேசைமேல் நீட்டினார்.

அவள் குனிந்து அதில் முகத்தை வைத்துச் சொல்லத் தொடங்கினாள். நீளமான பிரார்த்தனை. அதிகாரியம்மா தூக்கிய பேனாவோடு மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தார். அண்ணன் ஒரு வார்த்தைகூட மொழிபெயர்க்கவில்லை. விரலிடுக்கில் ஈரம் ஒழுகி மேசைக்குப் போய்விடாதபடி, கைகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சேர்த்துக்கொண்டார்.