வளைவுக்குக் கீழே கழற்றிய சப்பாத்துகள்

நானும் மச்சான் யோகனும் கடையைப் பிரித்துக்கொண்டது யூட்டா பாலைவனத்தில், ஒரு கல் வளைவுக்குக் கீழே. இரண்டு பேரும் வெறுங்காலோடு நின்றோம்.

உள்ளங்காலில் அந்தச் சூடு இன்னும் இருக்கிறது... அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான தோசைக்கல் மாதிரி.

யோகன் என் மனைவியின் தம்பி. நாங்கள் இருக்கும் குளிர் நகரத்தில், வில்லரே பகுதியில் பலசரக்குக் கடை போட்டபோது ஆளுக்குப் பாதி. ஸ்டோர் ரூமில் ஹீட்டர் கிடையாது. ஜனவரியில் அரிசி மூட்டை அடுக்கினால் மூச்சு மீசையில் உறையும். அங்கேதான் அவன் ஒரு பழைய கலண்டர் தாளை ஒட்டியிருந்தான். சிவப்புப் பாறை வளைவு, பின்னால் நீல வானம்.

"இதைப் பார்த்தா கொஞ்சம் சூடேறுது அத்தான்" என்பான்.

பிறகு அவனுக்கு அதே நகரத்தின் மறுபக்கம், நோத்ர-டாம்-த-கிரேஸில் சொந்தமாகக் கடை போட ஆசை வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. சப்ளையர்கள் எல்லாரும் என் ஆட்கள். ஒரு போன் போட்டால் அவனுக்கு ஒரு மூட்டை கூடப் போகாது. போடத் தயாராகத்தான் இருந்தேன்.

மனைவி ஒன்றுதான் சொன்னாள். "கடையைப் பிரியுங்கோ. என்ரை தம்பியை என்னட்டை இருந்து பிரிச்சுப்போடாதேங்கோ."

அந்த முறுகலோடுதான் லாஸ் வேகாஸ் உணவுக் கண்காட்சிக்குப் போனோம், டிக்கெட் முன்பே எடுத்தாயிற்று என்பதால். கண்காட்சி முடிந்தும் வீடு திரும்ப இரண்டு நாள் இருந்தது. யோகன் வாடகைக் கார்ச் சாவியை எடுத்தான்.

"அந்தக் கலண்டர் வளைவைப் பார்ப்பம். அங்கை வைச்சுக் கதைச்சு முடிப்பம்."

"ஒரு கல்லைப் பார்க்க அரை நாள் ஓடுறதோ? உனக்கு விசரோ?"

"ஓம், விசர்தான். ஏறுங்கோ."

மொட்டைப் பாறையில் ஏற்றம். கண்காட்சிக்குப் போட்ட என் தோல் சப்பாத்து வழுக்கியது. திட்டிக்கொண்டேதான் ஏறினேன். கடைசியில் மலை விளிம்பைச் சுற்றித் திரும்பினால்...

நின்றது.

பாறையின் நுனியில், தன்னந்தனியாக. உள்ளே ஒரு மாடி வீட்டை வைக்கலாம். ஒரு கால் தடித்தது, மற்றது நடுவில் மெலிந்து, இப்போதே ஒடியும் போல. அந்தி வெளிச்சத்தில் கல் உள்ளிருந்து எரிவது போலிருந்தது. நான் வாயை மூடினேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

எதிர்ச் சரிவில் எங்கெங்கிருந்தோ வந்த சனம், சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. ஒருவர் பின் ஒருவராகப் போய் வளைவுக்குக் கீழே நின்றுவிட்டு வந்தார்கள். டோக்கன் இல்லை, காவலாளி இல்லை. எங்கள் கடையில் மூன்று பேர் வரிசையில் நின்றாலே சண்டை வரும்!

எங்கள் முறை வந்தது. யோகன் குனிந்து சப்பாத்தைக் கழற்றினான்.

"டேய், இது கோயிலோ?"

"தெரியேல்லை அத்தான். ஆனா சப்பாத்தோட போக மனம் வரேல்லை."

நானும் கழற்றினேன். அடுத்து நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மா எங்களைப் பார்த்தார். மெதுவாகத் தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பமே கழற்றியது... பாறை மேல் வரிசையாகச் சப்பாத்துகள். எதைப் பார்த்தாலும் விலை சொல்லிவிடுகிறவன் நான். அன்று ஒன்றுக்கும் விலை தோன்றவில்லை.

வளைவின் காலில் உள்ளங்கையை வைத்தேன். மணல், இறுகிய மணல்.

"என்ன வேணும், சொல்லு" என்றேன்.

"சப்ளையர்மாரைத் தடுக்காதேங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

"தடுக்கமாட்டன். ஆனா எனக்கும் ஒண்டு வேணும்."

"கெதியாச் சொல்லுங்கோ, சனம் காத்து நிக்குது."

சொன்னேன். சிரித்துக்கொண்டே கை தந்தான்.

போன கோடையில் என் மகள் அங்கே போய்வந்தாள். போன் நிறையப் படம். எங்களிடம் இருப்பது அந்த அம்மா எடுத்துத் தந்த ஒன்றுதான். முகம் இருட்டு, நான்கு பாதங்கள் மட்டும் தெளிவு. என் ஸ்டோர் ரூமில் இப்போது ஹீட்டர் இருக்கிறது. கலண்டர் தாள் யோகனோடு போய்விட்டது. அவன் கடை என்னுடையதைவிடப் பெரிது, வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

அன்று பேசியது எதுவும் எழுத்தில் இல்லை. வில்லரே எனக்கு, நோத்ர-டாம்-த-கிரேஸ் அவனுக்கு. சரக்கு ஒரே லொறியில், கூலி பாதிக்குப் பாதி. நான் கேட்ட அந்த ஒன்று: ஞாயிறு மத்தியானம் அவன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும், கடைக் கதை கதைக்காமல்.