மாடு இழுக்காத பலகை

கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். உயரமான அலையின் மேல், ஒரு பலகையில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவன் நின்றது எனக்கு ஆச்சரியமாக இல்லை. சேற்று வயலைச் சமப்படுத்த மாடு இழுக்கும் பரம்புப் பலகையில், எடைக்காக எங்களைப் போன்ற பிள்ளைகளை ஏற்றி நிறுத்துவார்கள். ஏழு வயதிலேயே நான் விழாமல் நிற்பேன். எனக்குப் புரியாதது வேறு. இந்தப் பலகையை இழுக்கும் மாடு எங்கே?

படத்துக்குக் கீழே இருந்த நான்கு வரியை அகராதி வைத்துப் படித்தேன். அலையே கொண்டுபோகும் என்றிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அச்சில் இருப்பதாலேயே ஒன்றை நம்பிவிட எனக்கு மனம் வராது. செய்து பார்க்க வேண்டும்.

என் கைக்கு எட்டிய பலகைகள் இரண்டுதான், அம்மா கதவுக்கென்று வைத்திருந்த மாம்பலகைகள். முன்பு எங்கள் குடிசை மிராசுதார் மனையில் இருந்தது. வாசலுக்குக் கீற்றுப் படல். கூலி உயர்த்திக் கேட்ட வருடம் அவருடைய ஆட்கள் படலைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே வந்து அடுப்பை உடைத்தார்கள். பிறகு ஆட்சி மாறியது. கட்சிக் கொடி கட்டிய மேடையில் வைத்து, அந்த மனைக்கு எங்கள் பெயரிலேயே பட்டா கொடுத்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற கதவு ஒன்று வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. நடவு முடிந்ததும் வருவதாகத் தச்சர் சொல்லியிருந்தார்.

"பத்து நாளைக்குக் குடும்மா. அப்படியே திருப்பித் தந்துடறேன்."

"கடல் இழுத்துட்டுப் போச்சுன்னா?"

"போகாது."

"போனா நீதான்டி வாசல்ல கதவா நிக்கணும்," என்றாள். ஆனால் கொடுத்தாள்.

ஆணி அடித்தால் ஓட்டை விழும் என்று இரண்டையும் கயிற்றால் பிணைத்தேன். வாய்க்காலில் போட்டுப் படுத்தால், என்னோடு சேர்ந்து அதுவும் முழுகியது. அடியில் லேசானது ஏதாவது வேண்டும். குளத்தோரம் நெட்டி காய்ந்து கிடந்தது. மாட்டுப் பொங்கலுக்கு மாலை கோக்கும் அதே தக்கைத் தண்டு. மாலைக்குச் செய்வது போலவே தோலை வெள்ளையாகச் சீவி, கட்டுக் கட்டாக அடியில் கட்டினேன். பலகை அருமையாக மிதந்தது. மதியத்துக்குள் மெல்ல மெல்ல அமிழ்ந்தது. ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தேன். ஊறவைத்த அவல் மாதிரி உள்ளெல்லாம் தண்ணீர். செடி எதற்குத் தோல் போர்த்தியிருக்கிறது என்று, வருடா வருடம் மாலை கட்டிய நான் ஒருநாளும் யோசித்ததில்லை. மறுபடி வேறு தண்டுகளைத் தோலோடு கட்டி, வெட்டிய முனைகளில் தார் பூசினேன்.

இரண்டு மைல் தலைச்சுமையாகக் கடலுக்குக் கொண்டுபோனோம். பலகைக்குக் காவலாக அம்மாவும் வந்தாள். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்:

"என்னக்கா, வீட்டுக் கதவைக் கழட்டிக்கிட்டு வந்துட்டீங்க?"

"இன்னும் மாட்டவே இல்ல தம்பி. அதுக்குள்ள கடல்ல குளிக்கணுமாம் அதுக்கு."

தாவணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு இறங்கினேன். மூன்று முறை எழுந்தேன். மூன்று முறையும் மல்லாந்து விழுந்தேன். ஒரு தடவை பலகை தனியாக ஓடியது. அம்மா இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்து அதைப் பிடித்தாள். உப்புத் தண்ணீரைத் துப்பும்போதுதான் உறைத்தது. பரம்பில் மாடு முன்னாலிருந்து இழுக்கும், அதனால் பின்னால் சாய்ந்து நிற்போம். இங்கேயும் நான் அப்படியே சாய்ந்திருக்கிறேன். அலை தள்ளுவதோ பின்னாலிருந்து!

நான்காவது முறை முட்டியை மடக்கி முன்னால் குனிந்து எழுந்தேன். பாதத்துக்கடியில் தண்ணீர் உயர்ந்து நகர்ந்தது. ஆறு எண்ணும் வரை நின்றேன். அதற்குள் கரை வந்து, பலகை மணலில் முட்டிப் படீரென்றது.

ஒரு பலகையில் சாண் நீளத்துக்கு விரிசல். அம்மா குந்தி, மணலைத் துடைத்து, விரிசலில் விரலை ஓட்டினாள்.

"நின்னியா?"

"நின்னேம்மா."

பலகையைத் தூக்கி விரிசலில் கண்ணை வைத்து, என்னை அதன் வழியாகப் பார்த்தாள்.

"இத அடைக்க வேணாம்னு தச்சர்கிட்ட சொல்லு. வெளியில யாரு வந்து நிக்கறாங்கன்னு பாத்துட்டே தொறக்கலாம்."