லேசர் வெள்ளையும் என் கையெழுத்தும்

"முதலில் வெள்ளையைச் சரியாக்கு, மற்ற நிறமெல்லாம் தானாகப் பின்னால் வரும், ஆனால்..." என்று என்னுடைய முதல் முதலாளி, வயதான சுவிஸ்காரர், அடிக்கடி சொல்லுவார். அந்த 'ஆனால்' என்பதற்குப் பிறகு என்ன வந்தது என்பது எவ்வளவு யோசித்தும் நினைவில் இல்லை.

ப்ரொஜெக்டர் பூட்டுகிற தொழில் பெட்டி தூக்குவதில் தொடங்கி ஒரு கையெழுத்தில் முடியும். கருவி அளந்து முடித்த பிறகு, ஒருவர் பத்து நிமிடம் வெறும் வெள்ளைத் திரையைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குப் பிடிக்காவிட்டால் ஒரு நிறத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ, ஒப்படைக்கும் தாளில் பெயர் எழுத வேண்டும். எங்கள் கம்பனியில் அந்த ஒருவர் நான்தான். பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸில் இருக்கிற வின்டர்தூருக்கு வந்து, கிழமை நாட்களில் ஜெர்மனிலும் சனிக்கிழமைகளில் தமிழிலும் படித்தவன். இடையில் எட்டு வருடம் சென்னையில் தியேட்டர் வேலை பார்த்துவிட்டு இங்கேயே திரும்பி வந்தேன். வந்த நாளிலிருந்து அந்தக் கையெழுத்து என்னுடையது. பெட்டி தூக்குகிறவனிலிருந்து என்னைப் பிரித்துக் காட்டுவது அது ஒன்றுதான்.

இந்த இலையுதிர் காலத்தில் முதலாளியம்மா கூப்பிட்டார். "இந்த வருடம் மூன்று இடத்திலிருந்து முறைப்பாடு. மூன்றிலும் உன் பெயர். ஜனவரியிலிருந்தும் நீதானா, வேறு ஆளா? டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முன் நீயே சொல்." பெயர் எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்ட சக பாவிகளே, மூன்றையும் கேளுங்கள்.

ஊர்கிற திரை

முன்பெல்லாம் பெட்டிக்குள் ஒரு விளக்கு இருந்தது. சூடு ஆறுமுன் கழற்றிக் கை சுட்டவர்களுக்கு அது போனதில் கவலையே இல்லை. இப்போது அந்த இடத்தில் அரிசி மணி அளவான லேசர் டயோடுகள். சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக. விளக்கு வெளிச்சம் பஞ்சு போலப் பரவி விழும். லேசர் வெளிச்சமோ திரையில் விழுந்ததும் பொடிமணல் தூவியது போல மினுங்கும். புது மாடல்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட பல டயோடுகளை வைத்து அந்த மினுக்கத்தை நன்றாக அடக்கிவிட்டார்கள். ஃப்ரிபூர்க்கில் ஒரு விரிவுரை மண்டபத்தார் வாங்கியது அதற்கு முந்தைய மாடல்.

நான் கையெழுத்துப் போட்ட மறுவாரமே கூப்பிட்டார்கள். பிரெஞ்சில் பாடம் எடுக்கிற பேராசிரியை, திரையில் ஏதோ ஊர்கிறது என்றார். "பழுது இல்லை மேடம், தலையைக் கொஞ்சம் அசைத்தால் தெரியாது" என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கினேன். அவர் இடம் வலமாக அசைத்துப் பார்த்தார். முன்வரிசை மாணவர்களும் சேர்ந்து ஆட்டினார்கள். பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்: "அப்படியென்றால் நாற்பத்தைந்து நிமிடமும் நாங்கள் எல்லோரும் இதையே செய்ய வேண்டுமா?"

கூறைச் சிவப்பு

வின்டர்தூரில் ஒரு கல்யாண மண்டபம். கமராக்காரர் எடுப்பது அப்படியே பெரிய திரையில் ஓடும். காலையில் நிறம் பார்த்துக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். பிறகு சோடனைக்காரர் வந்தார்கள். மணவறைக்கு மேலே இரும்புப் பெட்டி தொங்கினால் வீடியோவில் வடிவில்லை என்று, பெட்டியைச் சுற்றிப் பட்டுத் துணி சுற்றி, அதன் மேல் மல்லிகைச் சரமும் கட்டிவிட்டார்கள். நானும் கீழே நின்று பார்த்து "நல்ல வடிவாயிருக்கு" என்றேன். காற்று உள்ளே போகிற வாய் அந்தப் பட்டுக்குள் இருந்தது.

மூன்று நிற டயோடுகளில் சூட்டுக்குச் சுருளுவது சிவப்புத்தான். என்னோடு வேலைக்கு வருகிற குகன் அண்ணைதான் முதலில் கண்டார். அறுபத்தொரு வயது, போன வருடம் இரண்டு கண்ணிலும் வெண்புரை எடுத்து, புது வில்லை வைத்தவர். வாசலில் நின்றபடி, "டேய், சிவப்பு இறங்குது" என்றார்.

"காலமை நான் பாத்து சைன் வைச்சது அண்ணை. உங்கட கண்ணை ஒருக்காக் காட்டுங்கோ."

"காட்டித்தான் ரெண்டையும் மாத்தினவங்கள். உன்ரையைக் காட்டு."

நான் சிரித்துக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் போனேன். தாலி கட்டி முடிய, மாப்பிள்ளையின் தாய் என்னைத் தேடிப் பிடித்தார். "தம்பி, நாங்கள் எடுத்த கூறை அரக்குச் சிவப்பு. உங்கட பெட்டி அதைப் பனங்கட்டிக் கலராக்கிப் போட்டுது. பொம்பிளை வீட்டார் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

குளிரும் முரசு

மூன்றாவது இடம், பல்லும் முரசும், அதாவது ஈறும், பார்க்கிற பல் வைத்தியர்கள் கூடிப் படிக்கிற ஒரு மண்டபம். இவர்களுக்குப் பல்லின் வெள்ளையிலேயே பத்துப் பதினைந்து வகை இருக்கிறதாம். கருவி சரியென்றது. எனக்கு வெள்ளை கொஞ்சம் மஞ்சளடித்தது. நீலத்தைச் சற்றுக் கூட்டினேன். இன்னும் போதாதென்று இன்னும் கொஞ்சம். "அண்ணை, எப்படி?" என்று கேட்கவில்லை. கேட்காமலே குகன் அண்ணை, "நீலிக்கும்" என்றார். நான் பெயரை எழுதினேன்.

பிற்பாடு பெட்டியோடு வந்த கைநூலை வாசித்தேன். விளக்கு வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்திருப்பதால் ஆளுக்கு ஆள் கண் வேறுபட்டாலும் வெள்ளை அவ்வளவாக மாறுவதில்லை. லேசர் வெள்ளை மூன்றே மூன்று மெல்லிய நிறக்கோடுகளால் ஆனது; அதனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வெள்ளை. வயது போகப் போகக் கண்வில்லை மஞ்சளாகி நீலத்தை விழுங்கும்; புதிதாக வைத்த தெளிந்த வில்லை விழுங்காது. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வாசித்தேன், மூடி வைத்தேன். அடுத்த நாள் பல் வைத்தியர்களின் தலைவர் ஃபோனில் வந்தார்: "உங்கள் திரையில் என் நோயாளிகள் எல்லோரும் ஏரிக்குள்ளிருந்து இழுத்தெடுத்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள்."

டாவோஸ் வாக்கெடுப்பு

நத்தாருக்கு இரண்டு கிழமை இருக்க, டாவோஸில் ஒரு ஹோட்டலின் கூட்ட மண்டபத்தில் வேலை. வெளியே பனி. திரையை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் கருவி சொன்ன வெள்ளையையும், வலப்பக்கம் என் வெள்ளையையும் போட்டேன். எது எதென்று யாருக்கும் சொல்லவில்லை. குகன் அண்ணை வலப்பக்கத்தைக் காட்டி, "இது சுண்ணாம்புக்கு நீலம் போட்ட மாதிரிக் கிடக்கு" என்றார்.

"சரி, ஊரைக் கேப்பம்" என்றேன். வரவேற்பு மேசைப் பெண், சமையல்காரர், துவாய்த் துண்டுகளை அடுக்கிக்கொண்டு போன போர்த்துக்கேயப் பெண், மின்வேலைக்கு வந்திருந்த பையன் என்று ஒவ்வொருவராகக் கூட்டிவந்து, எது வெள்ளை என்று கேட்டேன். நான்கு கையும் இடப்பக்கம் நீண்டன. கடைசியாக, கைத்தடியோடு காலை உலாவுக்குக் கிளம்பிய ஒரு முதியவர் எட்டிப் பார்த்து, "வலப்பக்கம்தான், சந்தேகமே இல்லை" என்று என் முதுகில் தட்டினார். வயதைக் கேட்டேன். எண்பத்து மூன்று என்றார்.

அவர் போனதும் மண்டபத்தில் நாங்கள் இருவர் மட்டும். நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கண்ணுக்கு இப்போதும் வலப்பக்கம்தான் வெள்ளை. குகன் அண்ணை சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசில, இந்தத் தெருவிலதான் ஒரு ஹோட்டல் குசினியில ஏழு வருஷம் பீங்கான் கழுவினனான். ஒரு நாளைக்கு ஆயிரம் பீங்கான் வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தவனடா நான். வெள்ளையெண்டால் என்னெண்டு எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. நீ கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்."

ஜனவரியிலிருந்து வெள்ளைக்குக் குகன் அண்ணை கையெழுத்து வைப்பார், நான் ஏணி பிடிப்பேன் என்று அன்றைக்கே ரயிலில் இருந்து முதலாளியம்மாவுக்கு எழுதி அனுப்பினேன்.