கேளாமலே சொன்ன வருமானம்

டென்மார்க்கின் வைலே நகரில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் நான் வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளின் நடுப்பகுதியில். டேனிஷ் சரியாக வராத எனக்கு அங்கே ஆங்கிலத்தில் கதைக்க ஒருவர்தான் இருந்தார். என்னைவிட மூத்த அமெரிக்கப் பெண். டென்மார்க்காரரை மணமுடித்து வந்து குடியேறியவர். பகலில் எங்களோடு சமையல், மாலையில் தன் வீட்டில் பிள்ளைகளுக்குப் பியானோ வகுப்பு.

ஒரு நாள் இடைவேளையில் கோப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன். அமெரிக்கக் குடிமக்கள் உலகத்தில் எங்கே உழைத்தாலும் வருடாவருடம் தங்கள் நாட்டுக்கு வருமானக் கணக்குக் காட்ட வேண்டுமாம். அமெரிக்காவிலிருந்து வந்த சிநேகிதி சொல்லித்தான் அவருக்கே தெரியவந்தது. டென்மார்க்கில் வரியை ஒழுங்காகக் கட்டியவர், அதோடு தன் கடமை முடிந்தது என்றே நினைத்திருந்தார்.

“இஞ்சயே அள்ளிக்கொண்டு போறாங்கள். பிறகு அங்கயும் கட்டுறதே?” என்றேன்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னது என் காதில் இப்போதும் தமிழாகத்தான் கேட்கிறது. “கட்ட வேணுமோ தெரியாது. ஆனா சொல்ல வேணும். நேர போய்க் கேக்கப் போறன்.”

கொப்பன்ஹேகனில் அமெரிக்கத் தூதரகத்துக்கு வசந்தகாலத்தில் வரி அதிகாரி ஒருவர் வந்து ஆலோசனை சொல்வாராம். எனக்கும் அதற்குப் பக்கத்து ஊரான டோஸ்ட்ருப்பில் இருந்த அண்ணையைப் பார்க்க வேண்டியிருந்தது. சேர்ந்தே போனோம். ரயிலையே உள்ளே ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் கப்பலில், மேல்தளத்துக் குளிரில் நின்றபோது, “பயமா இருக்கோ?” என்று கேட்டேன்.

“ஓம். தண்டம் போடுவினமோ தெரியாது. ஆனா மகளுக்கு அந்த நாட்டுப் பாஸ்போட் வேணுமெண்டு ஓடிப்போய் எடுத்தனான். எடுக்க மட்டும் போறது வடிவில்லை.”

அன்று பின்னேரம் அண்ணை வீட்டில் புட்டும் மீன்குழம்பும். விஷயத்தைக் கேட்ட அண்ணை, “என்ன விசர்க்கதை! இவ்வளவு காலமும் ஒருத்தரும் தேடி வரேல்லை. பேசாம இருக்கச் சொல்லு” என்றார். நான் மொழிபெயர்த்தேன். அதைக் கேட்டு அந்தப் பெண் சிரித்தார். “அண்ணை சொல்லுறது சரி. ஒருத்தரும் வரமாட்டினம். அதாலதான் நான் போறன்.”

மறுநாள் அதிகாரிக்கு முன்னால் நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொறுமையான மனிதர். வெளிநாட்டில் உழைப்பவர்களுக்கு ஓர் எல்லைவரை வருமான வரி விலக்கு உண்டு, இவருடைய வருமானம் அதற்குக் கிட்டவும் வராது என்றார். ஆனால் விலக்குத் தானாகக் கிடைக்காது. கணக்கை அனுப்பித்தான் கேட்க வேண்டும், விடுபட்ட வருடங்களுக்கும் அனுப்ப வேண்டும். எனக்கு உயிர் வந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழப் போனேன்.

அவர் எழவில்லை. “நான் பியானோவும் சொல்லிக் குடுக்கிறன்” என்றார்.

மேசைக்குக் கீழே அவருடைய கையைக் கிள்ளினேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அது சுயதொழில், வருமான வரி இல்லாவிட்டாலும் அமெரிக்க முதுமைக்காலக் காப்புறுதிக்கு அதிலிருந்து பங்கு கட்டத்தான் வேண்டும் என்று விளக்கினார்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம். “கேளாததை ஏன் சொன்னனீங்கள்?”

“அவர் கேக்கேல்லைத்தான். ஆனா படிவத்துக்குக் கீழ, எல்லாம் உண்மை எண்டு நானெல்லோ கையெழுத்து வைக்கிறது!”

தெருமுனைப் பேக்கரி வரை நடந்தோம். இலங்கையில், அரசாங்கத்திலிருந்து எது வந்தாலும் நெஞ்சு பதறும் வீட்டிலிருந்து வந்தவள் நான். வந்த புதிதில் இங்கே அரசாங்கக் கந்தோர்களின் வாசலில்கூடக் கால் கூசும். யாரும் கூப்பிடாமலே தன் அரசின் கதவைத் தட்டி, தனக்குப் பாதகமானதையும் சொல்லிவிட்டு, இவர் பேக்கரிக் கண்ணாடிக்குள் எந்தப் பணிஸ் நல்லது என்று பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிமிர்வு எனக்கும் வேண்டுமென்று ஆசையாக இருந்தது.

கட்ட வேண்டியதைச் சிறிது சிறிதாகக் கட்டினார். அதற்காகச் சனி ஞாயிறுகளிலும் வேலைக்கு வந்தார். ஒரு முறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. அடுத்த வசந்தத்தில், வைலேயிலேயே இருந்த இன்னொரு அமெரிக்கப் பெண், தானும் கணக்குக் காட்டியதே இல்லையென்று தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னபோது, “தனியப் போக வேண்டாம், நானும் வாறன்” என்று லீவு போட்டுவிட்டுக் கூடவே போனார். அன்று அவருடைய பங்கு வேலையையும் சேர்த்து நான் சந்தோஷமாகச் செய்தேன்.