மேல்கோடு இல்லாத அடைப்புக்குறி

நேற்று என் மகள் கணக்குப் புத்தகத்தில் இருந்த ஒரு குறியைக் கைப்பேசியால் படமெடுத்தாள். மூன்றே நொடியில் விளக்கம் வந்தது. எட்டிப் பார்த்தேன். அடப்பாவி, நீயா! சதுர அடைப்புக்குறியின் மேல்கோட்டை மட்டும் சீவிவிட்டது போன்ற அதே குறி.

உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்? சேலத்தில் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம். கணக்கு சார் அந்தக் குறிக்குள் 3.8 என்று எழுதியபோது, அவசரத்தில் மேல்கோட்டை விட்டுவிட்டார் என்று நினைத்தேன். பெரிய மனதுடன் நானே நோட்டில் கோடு போட்டு முழுமையாக்கினேன். ஒரு கணக்குக்கும் சரியான விடை வரவில்லை. "புரிஞ்சுதா?" என்று சார் கேட்டால் மட்டும் அறுபது பேரோடு சேர்ந்து தலையாட்டிவிடுவேன்.

முதல் பருவத்தில் கணக்கில் தோற்றிருந்தேன். "இந்தத் தடவையும் போச்சுன்னா செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போயிரு சாமி" என்று அப்பா சொல்லியிருந்தார். கோபமே இல்லாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் பூங்கொடி. நாமக்கல் பக்கம். அப்பா, அம்மா இருவருக்கும் கோழிப்பண்ணையில் வேலை. துப்பட்டாவில் தீவன வாசம் லேசாக அடிக்கும், அதற்கும் கேலி செய்ய ஆள் இருந்தது. ஒருநாள் என் நோட்டை ஓரக்கண்ணால் பார்த்தாள். மறுநாள் வகுப்பில் எழுந்து நின்றாள்.

"சார், அந்தக் குறிக்கு மேல கோடே இல்லீங்களே, அது என்னங்க சார்?"

வகுப்பே சிரித்தது. தெரியாதவர்கள்தான் பலமாகச் சிரித்தோம். ஆமாம், நானும்தான். "இத்தன நாளா இது தெரியாமயா உக்காந்திருந்த?" என்று திட்டிவிட்டுச் சார் விளக்கினார். உள்ளே இருக்கும் எண்ணைத் தாண்டாத மிகப் பெரிய முழு எண்ணை எடுக்க வேண்டுமாம். 3.8 என்றால் 3. தலையைக் குனிந்து என் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் மறுபடி கேட்டேன். நோட்டைத் திறந்தாள். போன வாரத் தேதி போட்ட பக்கத்தின் ஓரத்தில் அந்தக் குறியும் பக்கத்திலேயே ஒரு முட்டை அட்டையும் வரைந்திருந்தாள்.

"அட்டைக்கு முப்பது முட்ட புள்ள. தொண்ணூத்தஞ்சு முட்ட இருந்தா நெறஞ்ச அட்ட எத்தன? மூணு. மிச்சம் அஞ்ச உட்ரு."

மைனஸ் எண்களிடம் இந்த அட்டை செல்லாது என்பது பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அதுவே போதும். ஆனால் என் கண் தேதியிலேயே நின்றது.

"போன வாரமே உனக்குத் தெரிஞ்சிருக்கு. அப்பறம் ஏன்டி கேட்ட?"

"நீ கேக்க மாட்டீல்ல."

தேறினேன். ஜவுளிக்கடை தப்பித்தது.

என் மகளுக்கு நேற்றே புரிந்துவிட்டது. யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நல்ல காலம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவளுக்காக அறுபது பேர் முன்னால் முட்டாளாக எழுந்து நிற்க ஒருத்தி தேவைப்படவே இல்லை. அப்படி ஒருத்தி எனக்கு இருந்தாள்.