மூன்றாவது கவுண்டரில் யாரும் இல்லை

"மெஷின் ஸ்லோவா, ஆளு ஸ்லோவா? நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்" என்றார் எங்கள் மேலாளர். அவரும் தமிழர்தான். கூட்டங்களில் நுனிநாக்கு ஆங்கிலம். எரிச்சல் வந்தால் மட்டும் தமிழ். அன்று தமிழில் பேசினார்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், செனாயில் ஒரு சரக்குக் கிடங்கின் தரவுத்தள சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. கிடங்குக்கு வரும் லோரி ஒவ்வொன்றும் வாசல் கவுண்டரில் பாஸ் எடுத்தாக வேண்டும். சரக்கு ஏற்றி இறக்க எந்த மேடைக்குப் போக வேண்டும், அங்கே வரிசையில் எத்தனையாவதாக முறை வரும் என்பதெல்லாம் அந்தத் துண்டுக் காகிதத்தில் இருக்கும். சில மாதங்களாக அது அச்சாவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. லோரிகள் வாசலைத் தாண்டிப் பெரிய சாலை வரை நின்றன.

கவுண்டரில் இரண்டு பேர். ஒருவர் மலாய்க்காரப் பெண், நிரந்தர வேலை. இன்னொருவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு ஒப்பந்த வேலை. மாதக் கடைசியில் புதுப்பிக்க வேண்டும். ஆள்தான் மெதுவென்றால் ஒப்பந்தத்தை நீட்டாமல், ஓட்டுநர்களே அழுத்திப் பாஸ் எடுக்கும் இயந்திரத்தை வாங்கி வைத்துவிடலாம் என்பது மேலாளரின் கணக்கு. அக்காவுக்கும் அது தெரியும். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "என்னம்மா, எனக்கு வேலை இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியாது.

எனக்குக் கோபம் மூக்கின் மேல். கணினி தடுமாறினால் முதலில் கீழே இருக்கிறவர் தலையில்தான் கை வைப்பார்கள். இதைப் பல இடங்களில் பார்த்து எரிந்திருக்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: "ஆளு ஸ்லோ இல்ல போஸ். சர்வர்தான். எங்க மாட்டுதுன்னு நானே காட்டுறேன்."

காட்டுவது அவ்வளவு சுலபமாக இல்லை. சர்வர் மெதுவாக இருந்தால் முதலில் செயலியைப் பார்ப்போம். அது பாதிகூட வேலை செய்யாமல் சும்மா கிடந்தது. நினைவகம் தாராளமாக இருந்தது, வட்டிலும் நெருக்கடி இல்லை. மென்பொருள் விற்றவர்களைக் கேட்டால், புது சர்வர் வாங்குங்கள் என்ற ஒரே பாட்டு. சும்மா கிடக்கிற இயந்திரத்தின் பக்கத்தில் இன்னொன்றை எதற்கு வாங்கி வைப்பது என்று அவர்களிடமும் சண்டை போட்டேன்.

பிறகு ஒன்று கண்ணில் பட்டது. திங்கள், புதன், வெள்ளி காலைகளில்தான் தொல்லை. மற்ற நாட்களில் பாஸ் ஒழுங்காக வந்தது. ஜொகூரில் வார விடுமுறையை மாற்றி வெள்ளிக்கிழமை மறுபடி வேலை நாளானபோது, விடுமுறையில் சர்வரில் தானாக ஓட வேண்டிய பழைய வேலை எதையாவது மாற்ற மறந்துவிட்டோமோ என்று சந்தேகப்பட்டேன். இல்லை, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

கடைசியில், வேலை செய்கிறவற்றை விட்டுவிட்டுக் காத்திருக்கிறவற்றைத் தேடினேன். அங்கே இருந்தது விடை. எங்கள் நிரலில் ஒருவர் புதிய பாஸைத் திறந்தாலே முதல் மேடையின் அடுத்த முறை அவர் கைக்குப் போய்விடும். சேமிக்கும் வரை வேறு யாரும் அதைத் தொட முடியாது. மற்றவர்களின் கோரிக்கை அரை நிமிடம் காத்துக் கிடந்து, வெறுத்துப்போய், அடுத்த மேடைக்குப் போகும். ஒவ்வொரு பாஸுக்கும் இதே கதை. யாரோ ஒருவர் காலையில் ஒரு பாஸைத் திறந்து, மணிக்கணக்கில் சேமிக்காமலே வைத்திருந்தார். அது மூன்றாவது கவுண்டரின் கணினியில் இருந்து வந்தது.

மூன்றாவது கவுண்டரில் யாரும் உட்காருவதில்லை. மாற்று ஆள் வந்தால் மட்டும் அதைத் திறப்பார்கள். அன்று புதன்கிழமை காலை. இருக்கையை விட்டு எழுந்து நேராக அங்கே போனேன். நாற்காலி காலியாக இருந்தது. திரையில் பாதி நிரப்பிய பாஸ் ஒன்று திறந்திருந்தது. ஒரு லோரியின் எண் மட்டும் அடித்திருந்தது. விசைப்பலகையின் மேல் பிரிக்காத டிஷ்யூ பொட்டலம் ஒன்று இருந்தது.

பார்த்ததும் புரிந்துவிட்டது. சிங்கப்பூரில் வேலை செய்தவர்கள் சாப்பாட்டுக் கடையில் மேசையில் இடம் பிடிப்பது அப்படித்தான். டிஷ்யூவை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போவார்கள். யாரும் அந்த மேசையில் உட்கார மாட்டார்கள். எங்கள் கவுண்டரில் சிங்கப்பூரில் வேலை செய்தவர் அக்கா ஒருவர்தான்.

தேநீர் நேரத்தில் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஆமாம்மா, நான்தான். அது என் வீட்டுக்காரரு லோரி. சிங்கப்பூர் துவாஸ்லேர்ந்து சாமான் எடுத்துட்டு செகண்ட் லிங்க் பாலத்து ஜாம்ல மாட்டிக்குவாரு. வந்து சேரப் பத்து மணி ஆயிடும். அதான் காலைலயே இடம் போட்டு வச்சிருவேன். ஒரு நம்பர்தானே லா, யாருக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"எதுக்குக்கா அவருக்கு மட்டும் அவசரம்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கிட்னி போச்சும்மா. வாரத்துல மூணு நாளு டயாலிசிஸ். கெலாங் பாத்தா ஊரு சென்டர்ல ஒரு மணிக்கு அவருக்கு நாற்காலி. லேட்டா போனா வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்க."

மேலாளரிடம் சொல்லி முறைப்படி முன்னுரிமை வாங்கலாமே என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருக்குன்னு கேப்பாருல்ல? சீக்காளின்னு தெரிஞ்சா லோரி முதலாளி சாவிய வாங்கிடுவாரு. யாருகிட்டயும் சொல்லிராதம்மா."

நான் தலையாட்டினேன்.

அன்று பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் என் வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்த வழியெல்லாம் எனக்கு எரிச்சல். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஆளு ஸ்லோ இல்லை என்று மார்தட்டியவள் நான். இப்போது உள்ளதைச் சொன்னால் அக்காவின் வேலை நிச்சயம் போய்விடும். சொல்லாமல் விட்டாலும் போகும். சர்வரில் குறை இல்லையென்றால் ஆள்தான் மெது என்று மேலாளர் முடிவு கட்டிவிடுவார். இதில் மற்ற ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். வெயிலில் நின்று ஒரு நடையை இழக்கிறவர்களுக்கும் வீடு இருக்கிறது. அவர்கள் வீட்டில் யாருக்கு என்ன நோயோ, யார் கேட்டார்கள்? ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. பாஸைச் சேமிக்கும்போது மட்டும் மேடையின் முறையைக் கொடுக்கும்படி நிரலை மாற்றிவிடலாம். அப்புறம் யாரும் எதையும் பிடித்து வைக்க முடியாது. குறை மென்பொருளில் இருந்தது என்று எழுதிவிடலாம். அது பொய்யும் இல்லை. அக்காவின் வேலை நிற்கும். அவர் கணவருக்கு இடம் இருக்காது.

மறுநாள் அக்காவிடம் முதலில் சொன்னேன். மேலாளருக்குத் தெரிவதற்கு முன் அவருக்குத் தெரிய வேண்டும் என்று பட்டது.

"ஞாயித்துக்கிழம மாத்திடுவேன்கா. திங்களேர்ந்து இடம் போட முடியாது. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாது."

"எனக்கு வேலை போனா வீட்டு வாடகைக்கு வழியில்ல" என்றார், எனக்குச் சொல்வதுபோலவும் தனக்கே சொல்வதுபோலவும். பிறகு, "சரிம்மா. நீ செய்" என்றார்.

செய்தேன். மேலாளருக்குப் போன அறிக்கையில் யாருடைய பெயரும் இல்லை. அவர் மகிழ்ந்துபோய் அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டார். இயந்திரப் பேச்சு அதோடு நின்றது. கைகொடுக்க வந்தவர்களிடம் சிரித்து வைத்தேன்.

திங்கள் காலை, மாற்றம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றேன். பாஸ்கள் கேட்டவுடன் வந்தன. ஹார்ன் சத்தமே இல்லை. பத்து மணி வாக்கில் நீளக் கைச்சட்டை போட்ட ஒருவர், முகம் உப்பி, மெதுவாக நடந்து வந்தார். அக்கா அவரை நிமிர்ந்து பார்க்காமலே லோரி எண்ணை அடித்தார். காகிதம் உடனே வெளியே வந்தது.

"அட, இன்னிக்கி லாஜுவா, சட்டுன்னு வந்துருச்சே" என்று அவர் காகிதத்தை வாங்கினார். பிறகு தன் முறை எங்கோ பின்னால் இருப்பதை அதில் பார்த்தார். அக்கா வீட்டில் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் மனைவியைப் பார்த்தார், மேடைகளுக்கு முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தார், போய் லோரியில் ஏறிக்கொண்டார்.

பன்னிரண்டு வரை காத்திருந்துவிட்டு சரக்கை இறக்காமலே லோரியை வெளியே ஓட்டிக்கொண்டு போனார். புதன்கிழமையும் அப்படியேதான் போனார். வெள்ளிக்கிழமை அந்த லோரியை வேறொருவர் ஓட்டிக்கொண்டு வந்தார். அடுத்தடுத்து இரண்டு தடவை சரக்கை இறக்காமல் கிளம்பிவிட்ட ஓட்டுநரை எந்த முதலாளி வைத்திருப்பார்? சாவியை வாங்குவதற்கு நோய் தெரிய வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

அன்று தொழுகை இடைவேளையில் கவுண்டர் மூடியிருந்தது. அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்மேல் கோபப்பட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"ஏம்மா, அத பழையபடி மெதுவா ஆக்க முடியுமா? அவரு போய் மறுபடி சாவிய கேட்டுப் பாப்பாரு."

முடியும். பழைய நிரல் என்னிடம் அப்படியே இருந்தது. மாற்றிப் போட இரண்டு நிமிடம் போதும்.

"முடியாதுக்கா" என்றேன்.