சுபம் போட்ட இடம்

படம் பார்த்துவிட்டு வந்தவர் கதை சொல்லியாக வேண்டும். அந்த லயத்தில் அதுதான் வழக்கம். பீர்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். ஒரே தகரக் கூரையின் கீழே வரிசையாகப் பத்து வீடுகள். ஞாயிற்றுக்கிழமை யாராவது டவுனுக்கு இறங்கி மேட்னி பார்த்துவிட்டு வந்தால், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலில் ஆள் கூடிவிடும். சண்டையில் யார் எந்தப் பக்கம் விழுந்தான் என்பதுவரை கேட்பார்கள்.

எழுபத்தைந்தோ எழுபத்தாறோ, சரியாக நினைவில்லை. என் தங்கைக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குச் சித்தூரில் எங்கள் அம்மா வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போக நான் வந்திருந்தேன். அவள் வீட்டுக்காரர் நான் பார்த்துக் கொடுத்த மாப்பிள்ளை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கிடைத்த லாரியில் ஏறித் திரிந்தவன் நான். அப்படித் திரிந்த காலத்தில் அந்தத் தோட்டத்து ஃபேக்டரியில் ஒரு வருஷம் அடுப்புக்கு விறகு தள்ளினேன். பக்கத்தில் நின்று அதே வேலை செய்தவர்தான் அவர். மழையில் இரண்டு பேருக்கும் ஒரே கம்பளி. அந்தப் பழக்கத்தில்தான் பெண் கொடுத்தோம். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "மலங்காட்டுல கொண்டுபோயித் தள்ளீட்டு வந்துட்டியேடா" என்பாள். நான் கிளம்பும்போதுகூட, "அவ மொதல்ல இங்க வரட்டும். திருப்பி அனுப்பறதப் பத்தி அப்பறம் பாத்துக்கலாம்" என்றுதான் சொன்னாள்.

நான் போய்ச் சேர்ந்த ஞாயிறு மாப்பிள்ளை மட்டும் படத்துக்குப் போயிருந்தார். மற்றவர்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வந்தார். தங்கை கட்டிலில் சாய்ந்துகொண்டாள், அவர் கதை சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். வில்லன் மாதிரி இருமினார், கதாநாயகி மாதிரி முந்தானையைத் திருகினார்.

"கடைசில மலை உச்சில வச்சி சண்ட. வில்லன் ஒரு தள்ளு தள்ளுதான். இவன் அப்படியே பள்ளத்துல விழுந்து செத்துப் போயிட்டான். அதோட படம் முடிஞ்சிட்டு."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் படத்தை இரண்டு வாரம் முன்னால்தான் சித்தூர்க் கொட்டகையில் அம்மாவோடும் கூட்டாளிகளோடும் பார்த்திருந்தேன். விழுந்தவன் சாகவில்லை. ஒரு மரக்கொம்பில் மாட்டிக்கொண்டு பிழைக்கிறான். தாடி வைத்துச் சாமியார் வேஷத்தில் வருகிறான், கல்யாணப் பந்தலில் வில்லனைப் பிடித்துக் கொடுக்கிறான். அந்தச் சாமியாரைப் பார்த்து என் கூட்டாளி ஒருவன் பெஞ்சில் ஏறி நின்று விசிலடித்தான். அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"சாமியார் வரலீங்களா மாப்ள?" என்றேன்.

"எந்தச் சாமியாரு?"

அந்த வாரம் முழுக்க அவரைக் கவனித்தேன். டவுனுக்குப் போனவர் ஏன் புதுச் சட்டை போட்டிருந்தார்? கூட யாரும் போகாத அன்றைக்குப் பார்த்து ஏன் போனார்? படத்தின் முதல் பாதியை யாரிடமாவது கேட்டுக்கொண்டு, மீதியைத் தானே கட்டிவிட்டாரா? ஃபேக்டரிக்குப் போகும் வழியில் டீக்கடை ஒன்றில் ஒரு பெண்பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவள் எல்லோரையும் பார்த்து அப்படித்தான் சிரித்தாள் என்பது எனக்கு அப்போது கண்ணில் படவில்லை.

புதன்கிழமை தங்கையிடம் சொல்லிவிட்டேன்.

"அம்மிணி, உன்ற ஊட்டுக்காரரு படத்துக்கே போகல. கத மாறுது."

அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "போகாம எங்கீங்ணா போயிருப்பாரு?"

"அதத்தான் நானும் கேக்கறன்."

அன்று சாயங்காலம் அவள் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். பிரசவத்துக்குப் போகிறவளுக்கு எதற்குப் பட்டு? மறுநாள் அம்மா கொடுத்த பித்தளைக் குடம் அடுப்படியிலிருந்து பெட்டிப் பக்கம் நகர்ந்து வந்தது. மாப்பிள்ளை அதைக் கவனித்தாரா, தெரியாது. ராத்திரி சாப்பாட்டில் ரசம் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் திரும்பி வரமாட்டாளென்றால் அதற்கு நான் சொன்ன சொல்தான் காரணம். அந்தச் சொல் சரியாக இருந்தாக வேண்டும்.

அடுத்த ஞாயிறும் அதே படம். திங்கட்கிழமை நாங்கள் கிளம்ப வேண்டும். "நானும் வர்றனுங்க மாப்ள" என்றேன். அவர் முகம் மாறும் என்று பார்த்தேன். மாறவில்லை.

"வாங்க மச்சான். ரெண்டாந்தடவ பாத்தாத்தான் சண்ட புரியும்."

ஜீப்பில் நின்றுகொண்டே இறங்கினோம். மேட்னிக்கு நல்ல கூட்டம், பாதிக்கு மேல் தோட்டத்து ஆட்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வசனம் வருவதற்கு முன்னால் அவர் உதடு அசைந்தது. மலை உச்சி வந்தது. வில்லன் தள்ளினான். கதாநாயகன் பள்ளத்தில் விழுந்தான். திரை வெளுத்தது. மலையாள எழுத்தில் கோணலாக ஒரு சிலைடு வந்து நின்றது: சுபம்.

கதவைத் திறந்துவிட்டார்கள். ஜனம் மொத்தமும் எழுந்து ஓடியது. "பஸ்ஸில இடம் போடுதேன், வாங்க மச்சான்" என்று அவரும் ஓடினார்.

நான் வாசல்காரரிடம் போனேன். "சேட்டா, பாக்கி படம் எவிடே?"

"ஞாயிறாழ்ச்ச மேட்னிக்கு அவசான ரண்டு ரீல் ஓட்டில்லா" என்றார், பீடியை எடுக்காமலே. "ஓட்டியால் அஞ்சு மணி பஸ்ஸு போகும். பின்னே நிங்களொக்கெ இவிடெ கிடந்து உறங்குமோ?"

கடைசிப் பஸ்ஸுக்காக இரண்டு ரீலை விட்டுவிடுகிறார்கள். அவ்வளவுதான்.

பஸ்ஸில் அவர் எனக்கு ஜன்னலோரம் பிடித்து வைத்திருந்தார். "செத்தவனுக்குச் சுபம்னு போடுதான் பாத்தியளா. எனக்கும் அது ஒரு மாதிரியாத்தான் இருந்திச்சி" என்று சிரித்தார். மிச்சப் படம் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், பின்னே ஏன் மச்சான் போன வாரம் சாமியாரைக் கேட்டிய, ஏன் இன்னைக்கு வந்திய என்று ஒவ்வொன்றாக அவிழும். டிக்கெட்டுக்குச் சில்லறை தேடினேன்.

வாசலில் தங்கை நின்றாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"கடைசீல என்னாச்சுங்ணா?"

அவர் பக்கத்தில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"செத்துப் போயிட்டான்" என்றேன்.

அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வந்தது வேறு. கண் சுருங்கியது. விறுவிறுவென்று உள்ளே போனாள். பித்தளைக் குடத்தை நங்கென்று அடுப்படியில் வைக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் பஸ் குட்டிக்கானம் தாண்டி இறங்கும்போது வாயைத் திறந்தாள்.

"அம்மா சொல்லிக்குடுத்துத்தானுங்ணா அவரு படத்துக்கே போகலீன்னு சொன்னீங்க?"

"இல்லம்மிணி. அந்தக் கொட்டாயில ஞாயித்துக்கெழம கடைசி ரெண்டு ரீலு ஓட்டறதில்ல. பஸ்ஸுக்கு நேரமாயிடுதுன்னு."

"கதைய அப்படி அந்தரத்துல நிறுத்துனா ஜனங்க சும்மா இருப்பாங்களா?"

"சும்மாதான் இருந்தாங்க. எந்திரிச்சு ஓடுனாங்க. நானே பாத்தனே."

அவள் என்னை முழுதாக ஒருமுறை பார்த்தாள். சின்ன வயதிலிருந்து எந்த ஊரில் என்ன வேலை பார்த்தேன் என்று நான் அவளிடம் அவிழ்த்துவிட்ட கதைகள் எத்தனையோ. அந்த வரிசையில் இதையும் வைத்துவிட்டாள் என்று தெரிந்தது. ஒரு வளைவில் பஸ் சாய்ந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"கொழந்த பொறந்து மூணாம் மாசம் அவரு வந்து கூட்டீட்டுப் போவாரு" என்றாள். "அன்னிக்கு நீங்க ஊட்ல இருக்க வேண்டாமுங்ணா."